புரதம் பிரிக்கும் உலோகம் – பலன் யாருக்கு?

மேல்சித்தாமூர் கடலைக்காட்டில் களை பறிக்கும் கைகளுக்கும் கன்னியாகுமரிக் கடற்கரை மணலுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது, தோழர்களே!

மழை தவறிப் பயிர் வாடினால் பி.பி.எப்.எம். தெளிக்கச் சொல்கிறது கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம். அது இலைமேல் வாழும் இளஞ்சிவப்பு நுண்ணுயிர். அதே வம்சத்து நுண்ணுயிர் ஒன்றில் 2018-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோசப் கொட்ருவோ குழுவினர் ‘லான்மாடுலின்’ என்ற புரதத்தைக் கண்டார்கள்.

செல்போன் ஒலிபெருக்கிக்கும் மின்சாரக் காருக்கும் காந்தம் வேண்டும். அதற்கு நியோடிமியம் முதலிய அரிய மண் உலோகங்கள் வேண்டும். அரிசியில் கல் பொறுக்குவதுபோல் இப்புரதம் அவற்றைப் பொறுக்கிப் பிடிக்கிறது. அமிலத்தைக் கூட்டினால் விட்டுவிடுகிறது. 2023-ல் இதன் இன்னொரு வகை, நியோடிமியத்தையும் டிஸ்ப்ரோசியத்தையும் ஒரே சுற்றில் 98 சதவீதத்துக்கு மேல் சுத்தமாகப் பிரித்தது. பழைய முறையிலோ மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்களில் திரும்பத் திரும்பக் கலக்கிப் பிரிக்க வேண்டும்.

நல்ல விஞ்ஞானம், வரவேற்கிறோம். ஆனால் பலன் யாருக்கு?

நம் நாட்டில் இந்த உலோகங்கள் கடற்கரை மணலின் மோனசைட்டில் உள்ளன. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கரையில் இதைக் கண்டறிந்தார். காஸ் விளக்கு வலைக்காக அன்னியக் கம்பெனிகள் அள்ளிப்போயின. சுதந்திரத்துக்குப் பின், 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் பிறந்தது. 1952-ல் ஆலுவாயில் ஆலை எழுந்தது. மணல் பொதுச்சொத்து ஆயிற்று.

2025 ஏப்ரலில் சீனா காந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. கார் முதலாளிகள் அலறினார்கள். நவம்பரில் சர்க்கார் காந்தத் தொழிலுக்கு 7,280 கோடி ரூபாய்த் திட்டம் தந்தது. முதலாளிக்கு மானியம்! மக்களுக்கு? அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் மக்கள் கருத்தையே கேட்கத் தேவையில்லை என்று அதே ஆண்டு செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவு போட்டது! 2024-ல் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் அள்ளும் திட்டத்தை எதிர்த்து மீனவர்கள் திரண்டார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தையே ஒழித்துவிட்டால் ஏழை எங்கே போய் வாய் திறப்பான்?

மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அது கதிர்வீசும். புரதம் தோரியத்தை மாயமாக்காது. தோண்டிய கரையையும் மூடாது. ‘பசுமைத் தொழில்’ என்ற பேச்சைக் காட்டித் தோண்ட வந்தால், அது பசுத்தோல் போர்த்திய புலிதான்!

இப்புரதத்தை நிலக்கரிச் சாம்பலிலும் மின்னணுக் குப்பையிலும் சோதித்திருக்கிறார்கள். ஆகவே நாம் கோருகிறோம்:

கரையைத் தோண்டுமுன் குப்பையைத் தோண்டு! நெய்வேலிச் சாம்பலையும் பழைய செல்போன்களையும் முதலில் ஆராய்ந்து பார்!

ஆராய்ச்சி பொதுத்துறையில், நம் பல்கலைக்கழகங்களில் நடக்கட்டும்!

கருத்துக் கேட்பு உரிமையைத் திருப்பிக் கொடு!

மணல் தொழிலாளிக்கு நிரந்தர வேலை, கதிர்வீச்சுப் பரிசோதனை, இலவச வைத்தியம் கொடு!

இப்புரதத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பங்கள் போயாகிவிட்டன. நம் பயிரின் இலைமேல் வாழும் உயிரின் வம்சத்துக்கு எவர் பட்டா எழுதுவது? மணல் மக்களுடையது, மதியும் மக்களுக்கே பயன்படட்டும்!