மூன்று கைக்கடிகாரங்கள் போதும்

கைப்பேசியைத் தொட்டாலே மணி தெரிந்துவிடும் காலம் இது. ஆயினும், கைக்கடிகாரத்தின் மீது இளையோருக்கு இருக்கும் விருப்பம் குறையவில்லை. தீபாவளிக்குக் கிடைத்த பணத்தையும் பள்ளிச் செலவில் மிச்சம் பிடித்த காசையும் சேர்த்துக் கடிகாரம் வாங்கும் மாணவர்கள் பலர் உள்ளனர். அவர்களுள் சிலர் புதிய வடிவம் வந்தவுடன் ஒன்றை வாங்குகின்றனர். சில மாதங்களில் அதன் மின்கலம் தீர்ந்துவிடுகிறது. கடிகாரம் இழுப்பறைக்குள் போய்விடுகிறது. இப்படிப் பத்துக் கடிகாரங்களைக் குவிப்பதைவிட, ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகளுள் மூன்றைத் தேர்ந்தெடுத்துப் பல்லாண்டுகள் பேணுவதே சிறந்தது என்பது என் கருத்து.

இதற்கு ஜப்பானின் செய்கோ நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 1881ஆம் ஆண்டு ஹட்டோரி கின்டாரோ என்னும் இளைஞர் தோக்கியோவில் கடிகாரக் கடை ஒன்றைத் தொடங்கினார். 1913இல் அவருடைய தொழிற்சாலை ஜப்பானின் முதல் கைக்கடிகாரத்தைத் தயாரித்தது. 1923ஆம் ஆண்டுப் பெரும் நிலநடுக்கத்தில் அத்தொழிற்சாலை அழிந்தது. பழுதுபார்ப்பதற்காக வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த ஏறத்தாழ 1,500 கடிகாரங்களும் தீக்கிரையாயின. ஹட்டோரி அவற்றுக்கு ஈடாகப் புதிய கடிகாரங்களை இலவசமாகவே வழங்கினார். ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தைவிட இத்தகைய வரலாற்றைப் பார்ப்பதே நல்லது.

சரி, எந்த மூன்றை வாங்குவது? ஒவ்வொன்றும் வெவ்வேறு பணிக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதே என் அளவுகோல்.

முதலாவது, அன்றாடப் பயன்பாட்டுக்கான குவார்ட்ஸ் கடிகாரம். உலகில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த குவார்ட்ஸ் கைக்கடிகாரம், 1969ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் செய்கோ வெளியிட்ட ‘ஆஸ்ட்ரோன்’ ஆகும். அதன் விலை 450,000 யென். அக்காலத்தில் அந்தப் பணத்துக்கு ஒரு சிறிய காரையே வாங்கியிருக்கலாம். இன்றோ அந்தத் தொழில்நுட்பம் எளிய விலையில் கிடைக்கிறது. இன்றைய குவார்ட்ஸ் கடிகாரங்களுள் பெரும்பாலானவற்றில் உள்ள படிகம் ஒரு வினாடியில் 32,768 முறை அதிர்கிறது. ஆதலால், ஒரு மாதத்தில் சில வினாடிகள் மட்டுமே பிழை ஏற்படும். கைப்பேசியை அனுமதிக்காத தேர்வு மண்டபத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

இரண்டாவது, தானியங்கிக் கடிகாரம். இதற்கு மின்கலம் தேவையில்லை. கை அசையும்போது உள்ளே இருக்கும் எடைத்தகடு சுழன்று சுருள்வில்லை முறுக்குகிறது. ஒரு நாளில் அரை நிமிடம் வரைகூட முன்பின் ஆகலாம். எனினும், பற்சக்கரங்களால் காலத்தை அளக்கும் ஒரு சிறிய பொறியைக் கையில் கட்டியிருக்கிறோம் என்னும் மகிழ்ச்சி அதில் உண்டு. 1963இல் அறிமுகமான ‘செய்கோ 5’ வரிசை இவ்வகையைச் சேர்ந்தது.

மூன்றாவது, நீச்சலுக்கும் கடற்கரைக்கும் உகந்த முக்குளிப்புக் கடிகாரம். ‘30 மீட்டர்’ என்று பொறிக்கப்பட்ட கடிகாரம் மழைத்துளியைத் தாங்குமே தவிர நீச்சலைத் தாங்காது. 200 மீட்டர் எனக் குறிக்கப்பட்ட முக்குளிப்புக் கடிகாரம் அப்படியன்று. அதன் வெளிவளையம் ஒரு பக்கமாக மட்டுமே சுழலும். தவறுதலாக இடிபட்டு வளையம் நகர்ந்தாலும், நீருக்குள் கழித்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. முக்குளிப்பவர் முன்னதாகவே மேலே வந்துவிடுவார். உயிரைக் காக்கும் சிந்தனை ஒரு சிறு வளையத்துக்குள் அடங்கியிருக்கிறது.

ஒரே நிறுவனம் என்னும் வரம்பு எதற்கு? வரம்பு இருந்தால்தான் ஆராய்ந்து தேர்ந்தெடுப்போம். பழுதுபார்ப்பவர் ஒருவரே மூன்றையும் கவனித்துக்கொள்ள முடியும். வார் பொருத்தும் இடத்தின் அகலம் ஒரே அளவில் இருக்குமாறு, எடுத்துக்காட்டாக 20 மில்லிமீட்டராக, பார்த்து வாங்கினால் வார்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். ‘அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல்’ என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

“பிற நிறுவனங்களும் நல்ல கடிகாரங்களைத் தயாரிக்கின்றனவே?” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 1983இல் கேசியோ வெளியிட்ட ‘ஜி-ஷாக்’, கீழே விழுந்தாலும் உடையாத உறுதிக்குப் பெயர் பெற்றது. உங்களுக்கு அந்நிறுவனம் பிடித்திருந்தால் அதிலேயே மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எந்தப் பெயர் என்பது முக்கியமன்று. தேர்ந்தெடுத்த பின் அலைபாயாமல் இருப்பதே முக்கியம்.

“தானியங்கிக் கடிகாரத்தைப் பழுதுபார்க்க அதிகச் செலவாகுமே?” என்பது மற்றொரு கேள்வி. விலை குறைந்த கடிகாரத்தைப் பொறுத்தவரை, முழுமையாகப் பிரித்துத் துப்புரவு செய்யும் கூலி அதன் விலையை நெருங்கிவிடக்கூடும். ஆகவே, வாங்கும் முன்பே பராமரிப்புச் செலவைக் கடைக்காரரிடம் கேட்டறிவது அவசியம். உத்தரவாத அட்டையையும் கேட்டுப் பெற வேண்டும். இரவுச் சந்தையில் நம்ப முடியாத மலிவு விலையில் கிடைக்கும் ‘பெயர் பெற்ற’ கடிகாரம் பெரும்பாலும் போலியாகவே இருக்கும்.

மூன்றையும் இப்போதே வாங்க வேண்டும் என்பதில்லை. இடைநிலைப்பள்ளியில் பயிலும்போது ஒரு குவார்ட்ஸ் கடிகாரம் போதும். தானியங்கிக் கடிகாரத்தை முதல் சம்பளத்தில் வாங்கலாம். மூன்றாவது இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கட்டும். அந்த இடைவெளியில் நமக்கு உண்மையில் என்ன தேவை என்பது தெளிவாகும். தெளிவு பிறந்த பின் இரண்டே போதும் என்று தோன்றினால், அதுவும் நல்ல முடிவுதான்.