கம்ப்யூட்டர் விடை தரும், மார்க் தருமா?

பிளஸ் டூ பிள்ளையின் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கும் வீடுகள் கடலூரிலும் சிதம்பரத்திலும் ஏராளம். அவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் இலவச புரோகிராம் மேக்ஸிமா. 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மேக்சைமா என்ற புரோகிராமின் வாரிசு இது. இன்டகிரேஷன் எனப்படும் தொகையிடல் கணக்கை டைப் செய்து கொடுத்தால், பெரும்பாலும் நொடியில் விடை வந்துவிடும்.

ஆனால், அந்த விடையை அப்படியே காப்பியடித்தால் குழப்பம்தான். சைன் எக்ஸையும் காஸ் எக்ஸையும் பெருக்கித் தொகையிட்டுப் பாருங்கள். சைன் எக்ஸை 'யு' எனப் பிரதியிட்டால், சைன் வர்க்கத்தில் பாதி வரும். மேக்ஸிமாவோ மைனஸ் காஸ் வர்க்கத்தில் பாதி என்கிறது. எது தவறு? இரண்டுமே சரி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை என்ற மாறிலி மட்டுமே. அந்த மாறிலி 'சி'யை மேக்ஸிமா எழுதிக் காட்டுவதில்லை. தேர்வில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

எனவே முதலில் பேப்பரில் போடுங்கள். பிறகு உங்கள் விடையை மேக்ஸிமாவில் கொடுத்து வகையிடச் சொல்லுங்கள். அதிலிருந்து கேள்வியைக் கழித்துச் சுருக்கினால் பூஜ்யம் வரவேண்டும். வந்தால் கணக்கு சரி.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணித மேதை எஸ்.எஸ். பிள்ளை, எந்த இயல் எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுதலாம் என்று 1940-ல் நிரூபித்தார். அப்போது அவர் மேஜையில் கம்ப்யூட்டர் கிடையாது. 73 என்ற விடைக்காக மட்டுமல்ல, அதை நிரூபித்த வழிக்காகவும்தான் அவரைக் கணித உலகம் கொண்டாடுகிறது. தேர்வுத்தாளிலும் வழிக்குத்தான் மார்க்!