இருபது கிலோ அரிசிக்கு இத்தனை பழியா?

ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது, அதனால்தான் யாரும் வேலைக்கு வருவதில்லை. இதை டீக்கடை பெஞ்சில் யாராவது சொன்னால் கேட்டுவிட்டு எழுந்து வரலாம். ஆனால் 2018 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, ரேஷன் அரிசிக் கடத்தல் தொடர்பான வழக்கில் இதையே சொன்னது. எல்லாத் தரப்புக்கும் விலையில்லா அரிசி கொடுத்ததில் மக்கள் சோம்பேறிகளாகிவிட்டார்கள், சின்ன வேலைக்குக்கூட வடமாநிலத்து ஆட்களை அழைத்துவர வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று, இலவச ரேஷனும் பணமும் கிடைப்பதால் மக்கள் உழைக்க விரும்புவதில்லை என்றது. ஏறக்குறைய அதே நாட்களில் சென்னையில் நடந்த தொழில்துறை மாநாட்டில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன், கட்டுமானத் தொழிலாளர்கள் ஊர்விட்டு வரத் தயங்குவதற்கு நலத்திட்டங்களும் காரணமாக இருக்கலாம் என்றார்.

சொன்னவர்கள் பெரிய இடத்தில் இருக்கிறார்கள் என்பதால் சொன்னது சரியாகிவிடாது. இது பிழையான வாதம். அதோடு, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உலை வைத்துவிட்டு நடவுக்குப் போகிற பெண்ணை அவள் முகத்துக்கு நேராக அவமதிக்கிற வாதம்.

அரிசியையே எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூரில் நாலு பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி வருகிறது. ஆளுக்கு ஐந்து கிலோ. நாளைக்கு 166 கிராம். வேகவைத்தால் அது ஒருவருக்கு ஏறத்தாழ 575 கலோரி. கிராமத்தில் உழைக்கிறவருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி வேண்டும் என்று இந்த நாட்டின் வறுமைக்கோட்டுக் கணக்கே பல காலம் வைத்திருந்தது. அரசு தருகிற அரிசி அதில் கால்வாசியைக்கூட எட்டவில்லை. மீதி முக்கால் வயிற்றை எது நிரப்புகிறது? கூலிதான் நிரப்புகிறது. வேலைக்குப் போகாமல் படுத்திருக்கிற வீட்டில் இரண்டாம் வேளைக்குச் சோறு இருக்காது.

சோறு மட்டும் சாப்பாடும் ஆகாது. அட்டைக்கு ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் தருகிறார்கள். ஒரு கிலோ பருப்பை நாலு பேருக்கு முப்பது நாள் பிரித்தால் ஆளுக்கு எட்டு கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, பருப்பும் முட்டையும் கறியும் சேர்ந்து நாளைக்கு 85 கிராம் இருக்க வேண்டும் என்கிறது. காய்கறி 400 கிராம், பால் 300 மில்லி. இந்தப் பட்டியலில் எதுவும் சும்மா வருவதில்லை. வெளிக்கடையில் துவரம் பருப்பு 2024இல் கிலோ 150 ரூபாயைத் தாண்டியது. 2025 ஏப்ரல் விலை உயர்வுக்குப் பிறகு எரிவாயு சிலிண்டர் சென்னையில் 868 ரூபாய் 50 காசாக இருந்தது. அந்த இருபது கிலோ அரிசியைக் கிலோ 45 ரூபாய் என்று வெளியில் வாங்கினாலும் 900 ரூபாய். அரசு தந்த அரிசியின் மொத்த மதிப்பும் அதை வேகவைக்கிற ஒரு சிலிண்டருக்குச் சரியாகப் போகிறது.

கூலியோடு வைத்துப் பாருங்கள். 2025-26க்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336 ரூபாய். இருபது கிலோ அரிசியின் விலை மூன்று நாள் கூலிக்குக் கீழே. மாதத்தில் மூன்று நாள் கூலி மிச்சமாவதற்காக ஒரு மனிதர் மீதி 27 நாளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பதுதான் இவர்களின் வாதம். சட்டம் படித்தவர்களும் பெரிய நிறுவனம் நடத்துகிறவர்களும் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் பேசியது மன்னிக்கக்கூடியதல்ல. அந்த நூறு நாள் வேலையும் ஊராட்சிகளில்தான். கீழ்பென்னாத்தூர் பேரூராட்சி எல்லைக்குள் குடியிருக்கிறவர்களுக்கு அதுவும் கிடையாது. நடவு, களை, அறுப்பு, மல்லாட்டை பிடுங்குவது, அதை ஆய்வது என்று வயல் கூப்பிடுகிற நாளில்தான் அவர்களுக்கு வேலை. ஏரியில் தண்ணீர் இல்லாத வருடம் வயலும் கூப்பிடாது.

இந்த அறியாமைக்கு முன்னோடிகள் உண்டு. 2011 செப்டம்பரில் மத்திய திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்தில், கிராமத்தில் நாளைக்கு 26 ரூபாயும் நகரத்தில் 32 ரூபாயும் செலவழிக்க முடிந்தவர் ஏழை அல்ல என்றது. சாப்பாடு, துணிமணி, மருந்து, பிள்ளைகள் படிப்பு எல்லாம் அந்த 26க்குள். நாடே கொதித்தது. இன்று 26 ரூபாயைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. அதே எண்ணம் ‘சோம்பேறித்தனம்’ என்று வேறு வேடத்தில் வருகிறது.

அடுத்து வடமாநிலத் தொழிலாளர்கள். இங்கே அரிசி இலவசம் என்பதால் நம்மவர்கள் வேலைக்குப் போகவில்லை, அதனால் பீகாரிகளும் ஒடிசாக்காரர்களும் வருகிறார்கள் என்கிறார்கள். ஒடிசாவில் 2013 முதலே ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி. பீகாரில் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கிலோ மூன்று ரூபாய். 2023 ஜனவரி முதல் நாடு முழுவதும் 80 கோடிப் பேருக்கு அதுவும் இலவசம். ரேஷன் அரிசி மனிதரைச் சோம்பேறியாக்கும் என்றால் அந்த மாநிலங்களிலிருந்து ஒருவரும் ரயிலேறியிருக்கக் கூடாது. அவர்கள் கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். இந்த ஒரு உண்மை போதும், அந்த வாதம் அதோடு முடிந்தது.

நம்மவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் அதற்கும் விடை கண்ணெதிரே இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து ஊர்களிலிருந்து பெங்களூரு கட்டட வேலைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் குடும்பம் குடும்பமாகப் போயிருக்கிறார்கள். இதே மாவட்டத்துச் செய்யாறு சிப்காட்டில் காலணி தைக்கிற ஆயிரக்கணக்கான பெண்கள் கிராமங்களிலிருந்துதான் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். 2019-20ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பின்படி இந்தியத் தொழிற்சாலைகளில் நேரடியாக வேலை பார்க்கும் பெண்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இது எல்லாருக்கும் ரேஷன் அரிசி தருகிற மாநிலமும்கூட. தன் நிறுவனத்தில் ஆட்கள் அடிக்கடி விலகிப் போவதாக சுப்ரமணியன் அதே பேச்சில் சொன்னார். வேலைக்கு வந்து பார்த்துவிட்டு விலகுகிறார்கள் என்றால் குறையைத் தேட வேண்டிய இடம் ரேஷன் கடை அல்ல. கூலி, தங்குமிடம், வேலை நேரம் இவற்றைப் பார்க்க வேண்டும்.

இந்த வாதக்காரர்களிடம் ஓர் உபதேசமும் கையிருப்பில் இருக்கும். திட்டம் போட்டுச் செலவு செய்யத் தெரியவில்லை, மாதம் ஒருமுறை மொத்தமாக மளிகை வாங்கினால் மிச்சம் பிடிக்கலாம் என்பார்கள். மொத்தமாக வாங்கக் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். சனிக்கிழமை கூலி வாங்குகிற வீட்டில் அது எப்போதும் இருந்ததில்லை. அதனால்தான் பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஐந்து ரூபாய்க்கு மிளகாய்த்தூள் பாக்கெட் என்று வாங்குகிறார்கள். லிட்டர் கணக்கில் பார்த்தால் பணக்காரர் வீட்டைவிட அதிக விலை கொடுக்கிறார்கள். “அண்ணே, கூலி வந்ததும் தந்துடறேன், நோட்டுல எழுதிக்கோங்க” என்று கடையில் கேட்டு நிற்கிறவளுக்கு விலை பேசும் உரிமையும் போய்விடுகிறது. சிக்கனத்தை இவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலைக்கு வைப்பதும், வரப்போரத்துக் கீரையை ஆய்ந்து குழம்புக்குப் பருப்பே இல்லாமல் சமாளிப்பதும், நாலு துண்டு கருவாட்டில் இரண்டு வேளையை ஓட்டுவதும் அவள் தினமும் செய்கிற வேலை. இன்னும் குறைக்கச் சொன்னால் குறைவது அவள் தட்டில் இருப்பதுதான். கடைசியாகச் சாப்பிடுகிறவள் அவள்.

ரேஷன் அரிசியை விற்கிறார்களே என்று கேட்பார்கள். சிலர் விற்கிறார்கள். அந்தக் காசில் வாங்குவது பெரும்பாலும் எண்ணெயும் பாலும் மாத்திரையும். மூட்டை மூட்டையாக எல்லை தாண்டிக் கடத்துகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. கடத்தியவர் வழக்கில் அரிசி வாங்கிப் பொங்கியவர்கள் மீது பழி போட்டது எந்த நியாயத்திலும் சேராது.

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் கொடுங்கள் என்கிற யோசனையும் புதிதல்ல. வருமானம் பார்த்து அட்டையில் ‘எச்’ முத்திரை குத்தி அரிசியை நிறுத்திய காலத்தைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2004 மே மாதம், மக்களவைத் தேர்தலில் அடிவாங்கிய பிறகு முத்திரை குத்திய அரசே அதைத் திரும்பப் பெற்றது. யார் ஏழை என்று அதிகாரி முடிவு செய்கிற இடத்தில் முதலில் விடுபடுவது அலுவலகத்துக்கு நாலு முறை நடக்க முடியாதவர்கள்தான். வசதியானவர் வரிசையில் நிற்க விரும்பாமல் தானே ஒதுங்கிக்கொள்வார். இல்லாதவரை ஒதுக்கிவிட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை.

பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானவர்களுக்கு அன்னதானம் நடக்கிறது. காரில் வந்தவரும் கை நீட்டி வாங்கிச் சாப்பிடுகிறார். அவர் சோம்பேறியாகிவிடுவார் என்று யாரும் கவலைப்பட்டதில்லை, கவலைப்படவும் தேவையில்லை. அந்த மரியாதையைத்தான் ரேஷன் வரிசையில் நிற்கிறவருக்கும் கேட்கிறேன்.

ரேஷனில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. 2024 மே மாதம் பருப்பும் பாமாயிலும் நேரத்துக்கு வராமல், அந்த மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த ஒரு மாதம் பருப்பை வெளிக்கடையில் ஐந்து மடங்கு விலைக்கு வாங்கியவர்கள் எத்தனை பேர், வாங்காமலே விட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை. இரண்டு பேர் வீட்டுக்கும் ஆறு பேர் வீட்டுக்கும் அட்டைக்கு ஒரு கிலோ என்பது எந்த வகையில் சரி? கோபப்பட விரும்புகிறவர்கள் இதற்குக் கோபப்படட்டும். அட்டைக்கு ஒரு கிலோ பருப்பு என்பதை ஆளுக்கு ஒரு கிலோ என்று மாற்றுங்கள். அப்போதும் ஒருவருக்கு நாளைக்கு 33 கிராம்தான் வரும். அந்த 85 கிராமில் பாதிகூட ஆகாது.