வரைந்தவர் பெயரோடு

புத்தகக் காட்சியில் லயன், முத்து காமிக்ஸ் அரங்கின் முன்னால் நிற்கிறவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். கூர்மண்டையர் என்றால் ஸ்பைடர், சட்டித்தலையன் என்றால் ரோபோ ஆர்ச்சி என்று சட்டெனப் புரிந்துகொள்ளும் கூட்டம். இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்பைக் கையில் எடுத்ததும் அவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சி எனக்கும் வருகிறது. ஆனால் இந்த நாயகர்கள் யாருமே ஐம்பது வயதுக்காரர்களுக்காகப் பிறந்தவர்கள் இல்லை. பழைய சாகசக் கதைகளைத் தொகுப்பதென்றால், முதலில் அவை பிள்ளைகளின் கைக்குப் போகவேண்டும் என்பது என் ஆசை.

இவர்களின் பிறந்த வீடு லண்டன். அங்கே 1952-ல் தொடங்கிய ‘லயன்’, 1962-ல் வந்த ‘வேலியன்ட்’ இரண்டும் பள்ளிப் பிள்ளைகள் கைக்காசு கொடுத்து வாங்கிய வார இதழ்கள். போர், கால்பந்து, நகைச்சுவை, மாய சக்தி எல்லாம் ஒரே இதழில் இருக்கும். தொடர் ஒவ்வொன்றுக்கும் சில பக்கங்கள்தாம். கடைசிக் கட்டத்தில் ஓர் ஆபத்து. மீதி அடுத்த வாரம். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக மாயாவி தமிழில் வந்தபோது, நமக்கு முழுக்கதை ஒரே புத்தகமாகக் கிடைத்தது. பக்கத்தைப் புரட்டப் புரட்ட ஒரு திடுக்கிடல் வந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் அந்தப் பழைய வார இதழ்க் கணக்குதான்.

மாயாவியின் முதல் கதையை இப்போது திரும்பப் படித்தால் அதன் துணிச்சல் தெரிகிறது. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவன் லூயிஸ் கிராண்டெல். இரண்டாவது விபத்தில் மின்சாரம் பாய்ந்து உடல் முழுக்க மறைய, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. அந்தச் சக்தியை வைத்து அவன் முதலில் செய்வது திருட்டு! உளவாளியாகி நாட்டைக் காப்பதெல்லாம் பிறகுதான். ஸ்பைடரும் அப்படியே. 1965-ல் ‘லயன்’ இதழில் அறிமுகமானபோது குற்ற உலகின் மன்னனாவதே அவன் இலட்சியம். பிள்ளைகளுக்கென்று இன்று எழுதுகிறவர்கள் இதற்குத் தயங்குவார்கள். அன்று பிள்ளைகளை நம்பி எழுதினார்கள். கெட்டவன் மெல்லத் திருந்துவதைப் பொறுமையாகப் பார்க்க அவர்களுக்குத் தெரியும் என்று நம்பினார்கள். எனக்கு அந்த நம்பிக்கை மிகப் பெரிதாகப் படுகிறது.

சில மாதங்களுக்கு முன் என் மகள் மாயாவியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கறுப்பு வெள்ளை என்று முகம் சுளிப்பாளோ என்று நினைத்தேன். அவளோ ஒரு பக்கத்தில் நின்று, “இந்த நிழலெல்லாம் யாருப்பா வரைஞ்சது?” என்று கேட்டாள். அவள் வயதில் எனக்கு அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. எழுந்திருந்தாலும் விடை கிடைத்திருக்காது. அந்த லண்டன் இதழ்கள் கதை எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களைப் பெரும்பாலும் போட்டதில்லை.

மாயாவிக்கு முதலில் கதை எழுதியவர் கென் பல்மர். வரைந்தவர் பார்சிலோனாக்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ. மையைத் தேக்கி இருட்டை உண்டாக்கி, அந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது அவர் வித்தை. சிவகாசி அச்சில், மட்டமான தாளில்கூட அது எடுபட்டது. பார்சிலோனாவின் பெயரைக்கூடக் கேள்விப்படாத நாம் அவர் கோடுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தோம்.

ஸ்பைடரைத் தொடங்கிவைத்தவர் டெட் கோவன். படம் ரெக் பன். 1966-ல் எழுத்து இன்னொருவர் கைக்கு மாறியது. அவர் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். 1938-ல் அந்த உரிமையை இருவரும் 130 டாலருக்கு விற்றார்கள். பிறகு நீதிமன்றம் ஏறியும் மீட்க முடியவில்லை. அமெரிக்காவில் அவருக்கு வேலை அருகிப்போயிருந்த காலத்தில்தான் கடல் கடந்து ஸ்பைடர் வந்தது. உலகின் முதல் சூப்பர் ஹீரோவை உருவாக்கியவரின் கதையைத் தமிழ்ச் சிறுவர்கள் இரவல் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள், அவர் பெயர் தெரியாமலே. இதை அறிந்த அன்று எனக்கு மனம் ஆறவே இல்லை.

இங்கிலாந்தின் ரெபெல்லியன் நிறுவனம் 2021-ல் மாயாவியையும் ஸ்பைடரையும் தொகுத்து வெளியிட்டபோது படைத்தவர்களின் பெயர்களை அட்டையிலேயே போட்டது. தமிழில் பிள்ளைகளுக்கென ஒரு தொகுப்பு வந்தால் எனக்கு மூன்று வேண்டுகோள்கள். வண்ணம் ஏற்றி பிளாஸ்கோவின் இருட்டைக் கெடுக்க வேண்டாம். பரிசுப் பதிப்பாகக் கனமான அட்டை போட்டு விலையை ஏற்றாமல், ஒரு பிள்ளை உண்டியல் காசில் வாங்கும்படி மெல்லிய புத்தகங்களாக வரட்டும். ஒவ்வொரு கதையின் முதல் பக்கத்திலும் எழுதியவர், வரைந்தவர் பெயர்களோடு, தமிழில் மொழிபெயர்த்தவர் பெயரும் கொட்டை எழுத்தில் இருக்கட்டும்.