கல்வித் தொண்டு தோட்டத்திலே முளைத்தல் வேண்டும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களுக்குப் புதிய கல்வியாண்டு பிறக்கும் வேளையில் அன்பர்கள் பலர் வருகின்றனர். கொப்பியும் புத்தகப் பையும் வழங்கி, பிள்ளைகளோடு நின்று படமெடுத்துக்கொண்டு அன்று மாலையே திரும்புகின்றனர். அவர்தம் நன்னோக்கத்தை யாம் ஐயுறவில்லை. எனினும், கொப்பி கொடுத்தற்கு ஒரு பகற்பொழுது போதும். அதில் எழுதக் கற்பித்தற்கோ ஆண்டுகள் வேண்டும். அவ்வாண்டுகளைத் தரவல்லார் யாவர் என்பதே இங்கு எழும் வினா.

தோட்டக் கல்வியின் பழங்கதையை அறிஞர் அறிவர். தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பு, 1907ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோட்டத் துரைமாரிடம் விடப்பட்டது. பத்து வயதுக்கு மேல் அப்பிள்ளை என்னாகும் என்று அச்சட்டம் வினவவில்லை. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் நிழலுக்குப் புறத்தேயே நின்றன. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது.

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு மேலும் ஓர் இடர் உண்டு. நுவரெலியாவிற்போல இங்கே தமிழர் செறிந்து வாழவில்லை. சிங்களக் கிராமங்களினிடையே சிறு தீவுகள்போலச் சிதறிக் கிடக்கின்றன லயங்கள். ஆதலின் உயர்வகுப்புகள் கொண்ட தமிழ்ப் பாடசாலை அருகில் வாய்ப்பது அரிது. தமிழில் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்திற் கற்க விழைவோர் வெளியூர் நாடல் வேண்டும். பணமுள்ளோர் செல்வர், ஏனையோர் இடையில் நிற்பர், அன்றேல் சிங்கள மொழிமூலப் பாடசாலையிற் சேர்வர். சிங்களம் கற்பது மிக நன்று. ஆனால், வேறு வழியின்மையால் தாய்மொழியைக் கைவிடுவதைத் தெரிவு என்று கூறுதல் தகுமோ? இனி, இறப்பர்த் தோட்டத்தில் வெயில் ஏறுமுன் பால் வெட்டுதல் வேண்டுமாதலின் பெற்றோர் விடியலிலேயே வேலைக்கு ஏகுவர். பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவும் மாலையிற் பாடம் சொல்லித்தரவும் வீட்டில் ஆளில்லை.

இத்தகைய இடர்ப்பாட்டுக்கு ஆபிரிக்க நாடுகளில் கண்ட ஒரு வழி நம் சிந்தனைக்கு உரியது. 1993இல் சிம்பாப்வேயில் ஏழைப் பெண்பிள்ளைகள் சிலரின் கல்விக்கு உதவத் தொடங்கியது கம்பெட் என்னும் அமைப்பு. அவ்வுதவியாற் படித்துத் தேறிய மகளிர் 1998இல் தமக்கெனச் சங்கம் ஒன்று நிறுவிக்கொண்டனர். இன்று அவர்களுட் பலர் தத்தம் ஊர்ப் பாடசாலைகளிற் கற்றல் வழிகாட்டிகளாகத் தொண்டு செய்கின்றனர். பாடசாலைக்கு வராது நின்ற பிள்ளையை வீடு தேடிச் சென்று அழைத்து வருகின்றனர். இத்தொண்டு வெறுங்கையுழைப்பன்று; தொழில் தொடங்க வட்டியில்லாக் கடன் பெறும் வாய்ப்பும் அவர்களுக்கு உண்டு. அவ்வழிகாட்டி பிள்ளையின் வறுமையைத் தானும் பட்டறிந்தவள். தொண்டு முடிந்ததும் ஊர் திரும்பிவிடுபவளும் அல்லள். அவள் வாழ்வதே அவ்வூரில்தான்.

நம் தோட்டங்களிலும் அத்தகையோர் உளர். உயர்தரம் எழுதிவிட்டு, வேலை வாய்க்காது லயத்தில் இருக்கும் இளைஞரும் யுவதியரும் எத்தனை பேர்! 1980களிலும் 1990களிலும் மலையக இளைஞர் பலர் ஆசிரியராக நியமனம் பெற்றதையும், பத்தனையிலே ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்ததையும் நினைவு கூர்க. தோட்டத்துப் பிள்ளை தோட்டத்துக்கு ஆசிரியராதல் இயலுமென்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆகவே, வெளியூர் அன்பர்களுக்கு யாம் கூறுவது இது: கொப்பிக்குச் செலவிடும் பொருளில் ஒரு பகுதியைத் தோட்டத்து இளைஞர் ஒருவருக்கு மாதந்தோறும் உதவித்தொகையாக அளியுங்கள். வாரத்தில் மூன்று மாலைகள் அவர் பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் கற்பிக்கட்டும். கற்பிக்கும் முறையை அவருக்குப் பயிற்றும் பணியை ஆசிரியர்களாகிய நாம் ஏற்போம். பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணாக்கரும் இதில் துணைநிற்கலாம்.

இஃது அரசின் கடமையை அதன் தோளினின்றும் இறக்கிவைப்பதாகாதோ எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. மாலை வகுப்பு பாடசாலைக்கு ஈடாகாது; விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் வேண்டுமென்று கேட்பதை நாம் ஒருநாளும் விடலாகாது. ஆனால், அவை வருமளவும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்பிலேயே காத்திருப்பதில்லை. எழுத்தறியாமல் வகுப்பேறி, பின்னர் பாடசாலையை விட்டு நீங்கிவிடுகிறது.

தமிழ் வளர்க்கக் கூடும் இலக்கியச் சங்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு தோட்டத்தையேனும் பொறுப்பேற்குமாயின், அப்பிள்ளைகளுட் சிலரேனும் நாளை நம் அவைக்கு வந்தமர்வர். நூல் வெளியீட்டு விழாவுக்குச் செய்யும் செலவினும் இதற்காகும் செலவு மிகாது. அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துப் பேசுவோமாக.