விலை விழுந்தபோது விற்றவரும், விலை ஏறியபோது வாங்கியவரும் ஒருவரே!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இன்று சாலையின் இருபுறமும் கார் தொழிற்சாலைகளும் கைப்பேசித் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. அவற்றின் மதில்களுக்குப் பின்னால், ஏரிப் பாசனத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் விளையும் வயல்கள் இன்னும் மிச்சம் இருக்கின்றன. 'எங்கோ நடக்கும் சண்டையும் சந்தைச் சரிவும் ஏரிக்கரை விவசாயியை என்ன செய்துவிடும்?' என்று கேட்போர் உண்டு. அன்றைய செங்கற்பட்டு ஜில்லா 1929 முதல் 1945 வரை பட்ட பாடே அதற்கு விடை.

நெல் விலை பாதியானது

1929 அக்டோபரில் அமெரிக்காவில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அந்தச் செய்தி சென்னை மாகாணத்துக் கிராமங்களுக்கு நெல் விலையாக வந்து சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் விலை ஏறக்குறைய பாதியாகிவிட்டது. போதாக்குறைக்கு, பர்மா அரிசியோடு சயாம், சைகோன் அரிசியும் மலிவு விலையில் துறைமுகத்தில் வந்து இறங்கியது. 1935-ல்தான் வெளிநாட்டு நொய்யரிசிக்கு இறக்குமதி வரி விதிக்கப்பட்டது.

விலை பாதியானது, ஆனால் சர்க்காருக்குக் கட்ட வேண்டிய கிஸ்தி பாதியாகவில்லை. லேவாதேவிக்காரருக்குத் தர வேண்டிய வட்டியும் குறையவில்லை. இரண்டும் ரூபாயில் எழுதப்பட்டவை. உதாரணமாக, கிஸ்திக்கும் வட்டிக்குமாக 40 ரூபாய் கட்ட வேண்டிய ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். மூட்டை 8 ரூபாய் விற்றால் 5 மூட்டை போதும். 4 ரூபாய்க்கு இறங்கினால் 10 மூட்டை போட வேண்டும். களத்தில் விளைந்தது அதே அளவு. வீட்டுக்கு வருவதுதான் குறைவு. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழிக்கு இதைவிட நேரான உதாரணம் இல்லை.

ரூபாயின் மதிப்பும் விவசாயிக்கு எதிராகவே வைக்கப்பட்டது. 1927-ல் ஒரு ரூபாய்க்கு 18 பென்ஸ் என்று சட்டம் செய்தார்கள். 16 பென்ஸாகக் குறைத்தால் விளைபொருளுக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கும் என்று தேசியத் தலைவர்கள் பலர் வாதாடினர். சர்க்கார் கேட்கவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. அப்போதும் ரூபாயின் விகிதம் மாறவில்லை; தங்கத்தின் விலை மட்டும் ஏறியது. கடனுக்கும் கிஸ்திக்கும் வழி தெரியாத குடும்பங்கள் நகைகளை விற்றன. கோடிக்கணக்கான ரூபாய் பெறுமான தங்கம் நாட்டை விட்டுக் கப்பல் ஏறியது.

சென்னை மாகாணத்துக் கிராமங்களின் கடன் 150 கோடி ரூபாய் என்று 1930-ல் மாகாண பாங்கிங் விசாரணைக் கமிட்டி மதிப்பிட்டது. 1935-ல் சத்தியநாதன் அறிக்கை அதை 200 கோடி என்றது. நெல் விலை இறங்கிய அதே ஐந்து ஆண்டுகளில் கடன் ஏறியிருக்கிறது.

1938-ல் ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன் வாங்கிய கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை பாக்கி நின்ற வட்டி தள்ளுபடியாயிற்று. அசலைப் போல் இரண்டு மடங்கு கட்டியவரின் கடன் முழுதும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் விலை விழுந்து பல வருஷங்கள் கழித்து வந்த சட்டம். அதற்குள் நிலத்தை விற்றுவிட்டவருக்கு அது உதவவில்லை.

யுத்தம் வந்தது, விலை ஏறியது

1939 செப்டம்பர் 3 அன்று, இந்தியத் தலைவர்களைக் கலக்காமலேயே வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவையும் யுத்தத்தில் சேர்த்து அறிவித்தார். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. மலிவாக வந்து விலையைக் கெடுத்த பர்மா அரிசி அடியோடு நின்றது. ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்ற பயத்தில் சென்னை நகரமே காலியானது. யுத்தச் செலவுக்காக நோட்டுகள் அச்சடிக்கப்பட்டன. 1943-க்குள் பொதுவாகப் பொருள்களின் விலை யுத்தத்துக்கு முன் இருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலாயிற்று. துணி, மண்ணெண்ணெய், இரும்பு எல்லாம் அரிதாயின. 1943-ல் சென்னையில் அரிசிக்கு ரேஷன் வந்தது. வங்காளத்தில் அதே வருஷம் பல இலட்சம் பேர் பசியால் மடிந்தனர்.

நெல் விலை ஏறினால் விவசாயிக்கு லாபம்தானே என்று கேட்கலாம். களஞ்சியத்தில் நெல் வைத்திருந்த பெரிய மிராசுதாருக்கு லாபம். சிறு விவசாயியின் நிலை வேறு. அவர் அறுவடை முடிந்த கையோடு கடனுக்காக நெல்லை விற்றுவிட்டு, ஆடி, ஆவணியில் சாப்பாட்டுக்கு வெளியில் வாங்குகிறவர். விலை விழுந்த காலத்தில் விற்பவராக நஷ்டப்பட்டார். விலை ஏறிய காலத்தில் வாங்குபவராக நஷ்டப்பட்டார். 1930-களில் நிலத்தை இழந்து கூலியானவருக்கு 1943-ல் விற்க நெல்லே இல்லை; ரேஷனும் கூலியுமே கதி. பஞ்ச காலத்தில் போன நிலம் யுத்த கால விலையால் திரும்பி வரவில்லை.

இன்றைய கணக்கு

இந்த வட்டாரத்தில் இன்று நிலவரி பெரும் சுமை அல்ல. ஆனால் ரூபாயில் எழுதிய தவணைகள் வேறு உருவில் இருக்கின்றன. நிலத்தில் ஒரு பகுதியை விற்று, கடனும் வாங்கி, தொழிலாளர்களுக்கு வாடகை அறைகள் கட்டியவர்கள் பலர். அந்த வாடகை ஏற்றுமதியை நம்பியது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 2020-ல் கொரோனா முடக்கத்தின்போது வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினர். வாடகை நின்றாலும் தவணை நிற்காது. 2022-ல் ரஷ்யா, உக்ரைன் சண்டை மூண்டதும் உர விலை உலகெங்கும் ஏறியது. பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்தே வருவதால், எங்கோ நடக்கும் சண்டை இங்கே அடியுரத்தில் தெரிகிறது.

ஆகவே சிறு விவசாயிகள் மூன்று விஷயங்களில் உறுதியாக இருப்பது நல்லது. விலை உயர்ந்திருக்கும் வருஷத்தை நம்பி நீண்ட காலத் தவணைக் கடனை ஏற்கக் கூடாது. ஒரு வருஷச் சாப்பாட்டுக்கான நெல்லையும் விதை நெல்லையும் ஒதுக்கிய பிறகே மீதியை விற்க வேண்டும். எவ்வளவு விலை கேட்டாலும், ஏரித் தண்ணீர் பாயும் நிலத்தில் ஒரு பகுதியையாவது கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவற்றை விவசாயி தனியாகச் செய்துவிட முடியாது. அறுவடைக்கு முன்பே நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைத் திறந்தால்தான் களத்திலேயே வந்த விலைக்கு விற்கும் கட்டாயம் நீங்கும். கூட்டுறவுச் சங்கத்தின் வட்டியில்லாப் பயிர்க்கடன் குத்தகைதாரருக்கும் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். புதிய கட்டடங்கள் வரும் இடங்களில் வரத்துக் கால்வாய்கள் அடைபடாமல் காக்கப்பட வேண்டும். நெருக்கடி வந்து நிலம் கைமாறிய பிறகு வரும் நிவாரணம் யாருக்குப் பயன்படாது என்பதை 1938 காட்டிவிட்டது. சர்க்கார் செய்ய வேண்டியதை விலை நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டும்.