யாருக்காக எழுதுகிறோம்?



"ஆண்டு மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுடா" என்று பேரவைச் செயலர் கேட்டதும், எனக்கு ஞாபகம் வந்தது ஒரு பிளாஸ்டிக் வாளி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போன வருடம் விடுதியில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சுவர்ப் பத்திரிகை தொடங்கினோம். மெஸ் வாசலில், திங்கள்தோறும் ஒரு சார்ட் பேப்பர். முதல் இதழில் நிலாவைப் பற்றி ஒரு கவிதை, 'இளைஞனே எழுந்து வா' என்று ஒரு தலையங்கம், ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவில் பூ வேலைப்பாடு. ஆசிரியர் ஒருவர் படித்துவிட்டு "பரவாயில்லையே, நல்லா எழுதுறீங்கப்பா" என்றார். அவ்வளவுதான், எங்கள் கால் தரையில் பாவவில்லை!

ஆனால் படித்தது யார்? தட்டோடு வரிசையில் நிற்கும் பையன்கள் எங்கள் பேப்பரைச் சுவரைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார்கள். இன்றைக்கு என்ன குழம்பு என்று எட்டிப் பார்த்த அளவுக்குக்கூட அதை எட்டிப் பார்க்கவில்லை. நாலாவது இதழில் யாரோ நிலாவுக்கு மீசை வரைந்துவிட்டுப் போனார்கள். "ரசனை கெட்ட பசங்க" என்று திட்டிக்கொண்டோம்.

அதே வாரம் பக்கத்து அறை முதலாமாண்டுத் தம்பி ஒருவன் ஊருக்குக் கிளம்பிவிட்டான். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, நல்ல மார்க் வாங்கி வந்தவன். இங்கே வகுப்பில் எல்லாம் இங்கிலீஷ். முதல் தேர்வில் பேப்பரை ஏறக்குறைய வெறுமையாகவே கொடுத்திருக்கிறான். மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். "ஒண்ணுமே புரியலண்ணே. கேக்கவும் வெக்கமா இருக்கு" என்றான். தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. எங்கள் பத்திரிகையைத் தாண்டித்தான் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மட்டும் அதில் அவனுக்கு என்ன இருந்தது? மீசை வைத்த நிலா!

அன்று இரவு நாங்கள் நாலு பேரும் தூங்கவில்லை. 'நாம யாருக்காக எழுதுறோம்?' என்று முதன்முதலாகக் கேட்டுக்கொண்டோம். உண்மையான பதில் கசந்தது. ஆசிரியரின் பாராட்டுக்காக எழுதினோம். எங்கள் பேரை நாங்களே பார்த்துக்கொள்ள எழுதினோம். வெளியே மட்டும் 'எல்லாருக்காகவும்' என்று சொல்லிக்கொண்டோம். எல்லாருக்கும் என்று எழுதுவது, மேல்விலாசம் எழுதாமல் கடிதத்தைத் தபால்பெட்டியில் போடுவது மாதிரிதான்.

அடுத்த இதழுக்கு ஒரே ஒரு வாசகனைத் தேர்ந்தெடுத்தோம்: தமிழ் வழியில் படித்துவிட்டு வந்து, சந்தேகம் கேட்க வெட்கப்படும் முதலாமாண்டு மாணவன். கவிதை போச்சு, பூ வேலைப்பாடும் போச்சு. இரண்டு பத்தி மட்டும். விசை என்றால் ஃபோர்ஸ். முடுக்கம்தான் ஆக்ஸிலரேஷன். உராய்வு - ஃப்ரிக்ஷன். திருப்புத்திறன் - மொமென்ட். நீ பள்ளியில் படித்த மீச்சிற்றளவுதான் இங்கே லீஸ்ட் கவுன்ட். மேலே கொட்டை எழுத்தில், 'தம்பி, இதெல்லாம் உனக்கு முன்னாடியே தெரியும். பேருதான் மாறியிருக்கு!'

கீழே வெர்னியர் காலிப்பரை விளக்கினோம். அதில் ஒரு தப்பு நடந்தது. 'வெர்னியர் அளவுகோலில் 50 பிரிவுகள். அது முதன்மை அளவுகோலில் 50 மில்லிமீட்டருக்குச் சமம்' என்று எழுதிவிட்டோம். மறுநாள் காலையில் 50-ஐ அடித்து, சிவப்புப் பேனாவில் யாரோ திருத்தியிருந்தார்கள்: '49. அப்பத்தான் ஒரு பிரிவுக்கு 0.02 மி.மீ. வித்தியாசம் வரும்.' ஐ.டி.ஐ. முடித்து நேராக இரண்டாமாண்டில் சேர்ந்த ஒரு அண்ணன்தான் என்று பிறகு தெரிந்தது.

எங்களுக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். ஐந்து இதழில் முதன்முதலாக ஒரு வாசகர் பேனாவை எடுத்திருக்கிறாரே! அடுத்த வாரம் தப்பை ஒப்புக்கொண்டு திருத்தம் போட்டோம். பேப்பரில் கால்வாசி இடத்தைக் காலியாக விட்டு, நூலில் ஒரு பேனாவையும் கட்டித் தொங்கவிட்டோம். 'பேர் போட வேண்டாம், கேள்வி மட்டும் எழுது' என்று குறிப்பு. அந்த வாரம் மூன்று கேள்விகள் வந்தன. அடுத்த வாரம் இடம் போதவில்லை. லேத்தில் சக் கீயை ஏன் சக்கிலேயே விடக்கூடாது என்று ஒருவன் கேட்டிருந்தான். மெஷினைப் போட்டதும் அது பறந்து வந்து ஆளை அடிக்கும் என்று மூன்றாமாண்டு மாணவர் ஒருவர் அதன் கீழேயே பதில் எழுதினார். நாங்கள் எழுதியதைவிட அவர்கள் எழுதியதைத்தான் எல்லாரும் நின்று படித்தார்கள்.

"சினிமா கிசுகிசு போட்டா இதைவிடக் கூட்டம் வருமே?" என்று சில நண்பர்கள் கேட்டார்கள். வரும், மறுக்கவில்லை. ஆனால் கூட்டம் வேறு, வாசகன் வேறு. கூட்டம் பார்த்துவிட்டுக் கலைந்துவிடும். வாசகன் அடுத்த திங்கட்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பான். "ஒருத்தனுக்காக எழுதினா மத்தவன் படிப்பானா?" என்றும் கேட்டார்கள். இங்கிலீஷ் வழியில் படித்தவர்களும் நின்று படித்தார்கள் என்பதே பதில்.

இது நாங்கள் கண்டுபிடித்த புதுமை ஒன்றும் அல்ல. 1912-ல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது, ஓரிரு வருடம் படித்துப் பழகியவர்களுக்கும் விளங்க வேண்டும் என்ற தம் எண்ணத்தை முகவுரையிலேயே சொன்னார் பாரதியார். யாருக்கு என்று முடிவு செய்தபின் எழுதிய காவியம் அது. 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு.செல்லப்பா நேர் எதிர்த் திசையில் போனார். தீவிரமாக இலக்கியம் படிக்கும் ஒரு சிலர் போதும் என்று முடிவு செய்து நடத்தினார். ஒருவர் பலருக்காக, மற்றவர் சிலருக்காக. இரண்டுமே நின்றன. ஏனென்றால் இருவருக்கும் தம் வாசகன் யார் என்று தெரிந்திருந்தது.

நண்பர்களே! இந்த மலரிலும் கவிதைகள் இருக்கும், கட்டுரைகள் இருக்கும். எழுதுங்கள், நிறைய எழுதுங்கள். ஆனால் எழுத உட்காருமுன் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். இதைப் படிக்கப் போகிற ஒருவனின், ஒருத்தியின் முகத்தை மனதில் கொண்டு வாருங்கள். அவருக்கு இது எதற்குத் தேவை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பேனாவை மூடிவிடுங்கள். எழுதி முடித்தபின் அவர் பதில் சொல்லக் கொஞ்சம் இடமும் விடுங்கள். தப்பைச் சுட்டிக்காட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர்தான் உண்மையில் படித்தவர்.

ஊருக்குப் போன தம்பி திரும்பி வரவில்லை. டூவீலர் ஒர்க்ஷாப் ஒன்றில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டேன். நாலு வாரம் முந்தியே எங்களுக்குப் புத்தி வந்திருந்தால் அவன் தங்கியிருப்பானா? தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எங்கள் படிப்பு இந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த வருடமும் ஒரு தம்பி பையும் வாளியுமாக அந்த மெஸ் வாசலில் வந்து நிற்பான். அப்போது சுவரில் அவனுக்காக ஏதாவது இருக்குமா? சார்ட் பேப்பரும் நூலில் கட்டிய பேனாவும் விடுதியில்தான் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள்!

- இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல்